அடக்கி வாசித்தவர்கள்

கேள்வி இது: "1960-களில் வந்த அமெரிக்க சோல் பாட்டுகளை இன்று இருபது வயதுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்? வெறும் பழைய ஞாபகம்தானா? ஆங்கில வரிகள் முழுசாகப் பிடிபடாத எங்களைப் போன்றவர்கள் எங்கே தொடங்கலாம்?"

சோல் என்றால், கறுப்பின அமெரிக்கர்கள் தேவாலயப் பாட்டின் பாணியில் பாடிய காதல், வாழ்க்கைப் பாட்டுகள். பழைய ஞாபகம் என்ற பதிலை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். பாட்டு வெளிவந்தபோது பிறந்தே இராத பிள்ளைக்கு அதைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கப்போகிறது? இன்னொரு பதிலும் வழக்கமாக வரும். "அவர்கள் மனசைக் கொட்டிப் பாடினார்கள்" என்பார்கள். பொய்யில்லை, ஆனால் போதாது. மனசைக் கொட்டிப் பாடியவர்கள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரை யாரும் இன்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால், சோல் பாடகர்கள் கொட்டியது எவ்வளவோ அவ்வளவு அடக்கியும் வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள் இன்னும் அதிகமாக அடக்கினார்கள். அந்தக் கட்டுப்பாடுதான் இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்றால், கறுப்பின மக்களின் தேவாலயத்திலிருந்து. அங்கே போதகர் பேச்சாகத்தான் ஆரம்பிப்பார். நிதானமாக, கிட்டத்தட்ட வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல. ஒவ்வொரு வரிக்கும் சபை பதில் சொல்லும். நேரம் ஆக ஆகப் பேச்சில் தாளம் ஏறும், கடைசியில் அது பாட்டாகவே மாறிவிடும். டெட்ராய்ட்டில் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் போதகராக இருந்த சி.எல். ஃபிராங்க்ளின் இதில் பேர் போனவர், அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டாகவே விற்றன. அரீத்தா ஃபிராங்க்ளின் அவருடைய மகள். இப்படிப்பட்ட இடத்தில் வளரும் குழந்தை, கத்துவதற்கு முன்னால் எப்போது கத்தக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்கிறது. ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டால் மீதி அரை மணி நேரத்துக்குக் கையில் ஒன்றுமிருக்காது.

அந்தப் பாடும் முறையைக் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் ரே சார்ல்ஸ். 1954 நவம்பரில், அட்லாண்டாவில் ஒரு வானொலி நிலையத்தின் ஸ்டூடியோவில் 'ஐ காட் எ வுமன்' பதிவானது. சதர்ன் டோன்ஸ் என்ற குழு பாடிய கிறிஸ்தவப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தார், அவ்வளவுதான். பக்திமான்கள் பலர் கொதித்துப்போனார்கள். சோல் ஸ்டிரர்ஸ் என்ற பக்திப் பாடல் குழுவில் நட்சத்திரமாக இருந்த சாம் குக் இந்தக் கோபத்துக்குப் பயந்து, தன் முதல் காதல் பாட்டை 'டேல் குக்' என்ற பொய்ப் பெயரில் வெளியிட்டார். குரலை மறைக்க முடியுமா? கேட்டவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1957-ல் 'யூ செண்ட் மீ' சொந்தப் பெயரிலேயே வந்தது, நாட்டிலேயே முதலிடத்துக்குப் போனது.

சரி, அடக்கம் என்று நான் சொல்வதைக் காதால் பிடிக்க ஒரே ஒரு பாட்டு போதும். ஓட்டிஸ் ரெடிங் 1966-ல் பாடிய 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்'. பாட்டு என்னவோ 1932-ல் எழுதியது. பிங் கிராஸ்பி வகையறாக்கள் மெல்லிய குரலில் பாடிவிட்டுப் போன பழைய சரக்கு. ஓட்டிஸின் பதிவில் முதலில் ஹார்ன் வாத்தியங்கள் மட்டும் சோகமாக நாலு வார்த்தை பேசும். அப்புறம் குரல், கொஞ்சம் கரகரப்பாக, அவசரமே இல்லாமல். டிரம்ஸ் எங்கே என்று தேடுவீர்கள். சற்று நேரத்தில் அல் ஜாக்சன் ஸ்னேர் டிரம்மின் விளிம்பைக் குச்சியால் தட்டத் தொடங்குகிறார், டிக் டிக் டிக் என்று, கடிகார முள் மாதிரி. வேறு ஒன்றும் செய்வதில்லை. பாடகரின் குரலில் சூடு ஏறுகிறது, கிடார் நுழைகிறது, ஆர்கன் நுழைகிறது, இவரோ அந்த டிக் டிக்கை விடுவதாக இல்லை. கேட்கிற நமக்குத்தான் தவிப்பு: அடித்துத் தொலையேன்யா! கடைசியில் அவர் முழு டிரம்மையும் திறக்கும்போது, ஓட்டிஸ் வார்த்தைகளைக் கைவிட்டு வெறும் அசைகளாக உதிர்க்க ஆரம்பித்திருப்பார். எல்லாம் நாலு நிமிஷத்துக்குள். வரிகள் ஒன்றுகூடப் புரியாதவருக்கும் இது புரியும். மொழி தெரியவில்லையே என்று கவலைப்படுபவர்களை நான் முதலில் இந்தப் பாட்டுக்குத்தான் அனுப்புவது.

இது பதிவான இடம் மெம்பிஸில் மெக்லெமோர் அவென்யூவில் இருந்த கேபிடல் என்ற பழைய சினிமா தியேட்டர். ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் அதை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கினார்கள். இருவரின் குடும்பப் பெயர்களிலும் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்ததுதான் ஸ்டாக்ஸ். தியேட்டரின் சரிவான தரையை அவர்கள் சமப்படுத்தவில்லை. நொறுக்குத்தீனி விற்ற பகுதியை எஸ்டெல் இசைத்தட்டுக் கடையாக மாற்றினார். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள், எதைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அங்கே நின்றே பார்த்துக்கொண்டார். இசைச் சந்தை ஆய்வு என்று லட்சக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஸ்டாக்ஸின் ஆஸ்தான இசைக்குழு புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ். இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். ஒரே உணவகத்தில் சேர்ந்து உட்காருவதே சிக்கலாக இருந்த ஊரில், ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தார்கள். காகிதத்தில் எழுதிய இசைக்குறிப்பு கிடையாது. ஹார்ன் வாசிப்பவர்களுக்கு ஓட்டிஸ் தன் வாயாலேயே மெட்டைப் பாடிக் காட்டுவார். கிடார் வாசித்த ஸ்டீவ் க்ராப்பரைக் கவனித்துக் கேளுங்கள். பல பாட்டுகளில் அவர் தொடும் ஸ்வரங்களைக் கையால் எண்ணிவிடலாம். பாடகர் மூச்சு விடும் இடத்தில் இரண்டு நறுக்கு, அப்புறம் மௌனம். இவ்வளவு திறமை உள்ளவர் இவ்வளவு குறைவாக வாசிப்பதற்கு ஒரு தனித் தன்னம்பிக்கை வேண்டும்.

க்ராப்பரும் பாடகர் வில்சன் பிக்கெட்டும் சேர்ந்து 1965-ல் 'இன் தி மிட்நைட் ஹவர்' எழுதினார்கள். பதிவின்போது அட்லாண்டிக் கம்பெனியின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் எழுந்துவந்து, அப்போது பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த ஜெர்க் நடனத்தை ஆடிக் காட்டி, தாளத்தின் அழுத்தம் எங்கே விழவேண்டும் என்று சொன்னார். அதிலிருந்து ஸ்டாக்ஸ் பாட்டுகளில் இரண்டாம், நான்காம் அடிகள் ஒரு நூல் தாமதமாக விழ ஆரம்பித்தன. அந்தத் தாமதம் காதுக்குத் தெரியாது, இடுப்புக்குத் தெரியும். அந்தப் பாட்டு எழுதப்பட்டது லொரேன் மோட்டலில். மூன்று வருஷம் கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே மோட்டலில்தான்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: ஜேம்ஸ் பிரவுனுக்கும் அடக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? மேடையில் முழங்காலிட்டு விழுவார், மேலே அங்கியைப் போர்த்தி அழைத்துப் போவார்கள், உதறிவிட்டு ஓடிவந்து மறுபடி அலறுவார். உண்மை. ஆனால் அந்த அலறலுக்குப் பின்னால் இருந்த இசைக்குழுவில் தப்பாக வாசித்தவருக்கு அபராதம் உண்டு. ஆடிக்கொண்டே கையால் சைகை செய்து அவர் அதை விதிப்பார். 1962 அக்டோபரில் நியூயார்க்கின் அப்போலோ தியேட்டரில் நடந்த கச்சேரியை ஆல்பமாகப் பதிவு செய்ய அவருடைய கம்பெனி முதலாளி பணம் தர மறுத்தார். பிரவுன் சொந்தக் காசைப் போட்டுப் பதிவு செய்தார். அடுத்த வருஷம் வெளிவந்து, அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதில் 'லாஸ்ட் சம்ஒன்' என்ற பாட்டு பத்து நிமிஷத்தைத் தாண்டும். அவ்வளவு நேரமும் குழு ஒரே சின்னச் சுழற்சியைச் சலிக்காமல் வாசித்துக்கொண்டே இருக்க, பிரவுன் கூட்டத்தோடு பேசுகிறார், கெஞ்சுகிறார், நிறுத்துகிறார். அவர் நிறுத்தும் இடங்களில்தான் கூட்டம் அலறுகிறது.

வடக்கே டெட்ராய்ட்டில் வேறு கதை. பெர்ரி கார்டி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1959-ல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த கம்பெனிதான் மோட்டவுன். மேற்கு கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண வீடு, வாசலில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று பலகை. தொழிற்சாலையில் பார்த்ததை அவர் மறக்கவில்லை. பதிவான பாட்டுகளை வாராவாரம் கூடி உட்கார்ந்து கேட்டு ஓட்டுப் போட்டுத்தான் வெளியிட்டார்கள். கையில் கடைசி டாலர் இருந்தால் இந்தத் தட்டை வாங்குவீர்களா, ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிடுவீர்களா என்று கேட்பாராம். சாண்ட்விச் ஜெயித்தால் பாட்டு அலமாரிக்குப் போய்விடும்.

தெற்கத்திச் சோலின் ரசிகர்களில் சிலர் மோட்டவுனைக் கொஞ்சம் மட்டமாகப் பார்ப்பார்கள். பாலிஷ் அதிகம், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காகச் செய்த சரக்கு என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஃபோர் டாப்ஸ் குழுவின் லீவை ஸ்டப்ஸுக்கு இயல்பிலேயே கனத்த குரல். மோட்டவுனுக்குப் பாட்டு எழுதிய ஹாலந்து, டோசியர், ஹாலந்து மூவரும் வேண்டுமென்றே அவர் எளிதில் எட்டமுடியாத உயரத்தில் மெட்டைப் போட்டார்கள். 1966-ல் வந்த 'ரீச் அவுட் ஐல் பீ தேர்' பாட்டில் அவர் பாடுவது கிட்டத்தட்ட கூவல். ஆனால் சுற்றியுள்ள இசை கறாராக, ஓர் அங்குலம் பிசகாமல் போகிறது. அந்தப் பாலிஷ் இல்லாவிட்டால் அந்தக் கூவல் இவ்வளவு வலிக்காது. மார்வின் கே பாடிய 'ஐ ஹெர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' கதையும் இதேதான், அவருக்கும் வசதியான சுருதியைவிட உயரத்தில் வைத்தார்கள். கார்டிக்கு அது பிடிக்கவில்லை, பதிவான பிறகும் கிடப்பில் கிடந்தது. 1968-ல் வெளிவந்து ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஓட்டுப் போட்டு முடிவெடுப்பதிலும் கோளாறு உண்டு.

மோட்டவுன் பாட்டுகளின் ரகசியம் பெரும்பாலும் அடியில் இருக்கிறது. பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஒரே ஒரு விரலால்தான் மீட்டுவார். கம்பி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார் என்று சொல்வார்கள். 'மை கேர்ள்' ஆரம்பத்தில் வரும் அந்த இதயத் துடிப்பு அவருடையது. ஜாஸ் வாசித்துப் பழகிய விரல். பாட்டு நேராகப் போக, அது கீழே தன்னிஷ்டத்துக்கு வேறொரு மெட்டைப் பாடிக்கொண்டு வரும், ஆனால் பாடகரின் வழியில் ஒருபோதும் குறுக்கே நிற்காது. ஜேமர்சனும் மற்ற வாத்தியக்காரர்களுமாக இத்தனை வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்த இந்தக் குழுவினரின் பெயர்களை மோட்டவுன் 1971 வரை ஆல்பம் உறையில் போடவில்லை.

வரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1965-ல் வந்த மிராக்கிள்ஸ் குழுவின் 'தி டிராக்ஸ் ஆஃப் மை டியர்ஸ்', கூட்டத்தில் சிரித்துச் சமாளிக்கும் ஒருவன் உள்ளுக்குள் அழுவதைச் சொல்கிறது. தாளமோ மெல்ல ஆடத் தோன்றும் தாளம். சோலின் பாதிப் பாட்டுகள் இப்படித்தான். வார்த்தை அழும், கால் ஆடும். நிஜ வாழ்க்கையில் துக்கத்தோடுதான் வேலைக்குப் போகிறோம், கல்யாண வீட்டில் சிரிக்கிறோம். அந்த இரட்டை நிலைக்கு இதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரியவில்லை.

இனி அரீத்தா. கொலம்பியா கம்பெனி ஆறு வருஷம் அவரைக் கையில் வைத்துக்கொண்டு நாகரிகமான மேடைப் பாட்டுகளைப் பாடவைத்து வீணடித்தது. 1967 ஜனவரியில் வெக்ஸ்லர் அவரை அலபாமாவில் மஸில் ஷோல்ஸில் ரிக் ஹாலின் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் பியானோ முன்னால் உட்காரவைத்தார். அரீத்தா பியானோவில் ஒரு ஸ்வரக்கூட்டை அழுத்தியதுமே அங்கிருந்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு நடக்கப்போவது புரிந்துவிட்டதாம். ஒரு பாட்டு முடிந்தது. அன்றிரவே குடி, சண்டை, கைகலப்பு, மறுநாள் எல்லோரும் ஊரைக் காலி செய்தார்கள். அப்புறம் அதே வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்கு வரவழைத்து, பிப்ரவரி 14 அன்று 'ரெஸ்பெக்ட்' பதிவு செய்தார்கள்.

'ரெஸ்பெக்ட்' ஓட்டிஸ் ரெடிங்கின் பாட்டு, 1965-ல் வந்தது. அதில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்கிறான். அரீத்தா அதை அப்படியே திருப்பிப் போட்டார். அந்த வார்த்தையை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கேட்கும் இடம் ஓட்டிஸிடம் கிடையாது, இவர் சேர்த்தது. பின்னால் குரல் கொடுப்பவர்களில் அவருடைய தங்கை கரோலினும் அக்கா எர்மாவும் உண்டு. தேவாலயத்தில் சபை செய்த வேலையை இங்கே சகோதரிகள் செய்கிறார்கள்: அரீத்தா சொல்வது சரிதானா என்று கேட்காமல், ஆமாம் ஆமாம் என்று ஊர் முன்னால் சாட்சி சொல்கிறார்கள். அந்தக் கோரிக்கைக்கு இத்தனை பலம் வந்தது அதனால்தான் என்பது என் கட்சி. இன்றைய பாட்டுப் போட்டி மேடைகளில் அரீத்தாவைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை பிருகா போடுகிறார்கள். அவர் வரியை நேராகப் பாடிவிட்டு, முடிவில் ஒரே இடத்தில் குரலை உருட்டுவார். எங்கே உருட்டவேண்டும் என்பதுதான் வித்தை.

அரசியலும் இதற்குள் இருக்கிறது, பெரும்பாலும் கோஷம் போடாமல். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் சாம் குக்குக்கும் அவர் மனைவிக்கும் பதிவு செய்திருந்த மோட்டலில் அறை மறுக்கப்பட்டது. அவர் சண்டை போட்டார், போலீஸ் அவரைத்தான் கைது செய்தது. மூன்று மாதம் கழித்து 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' பதிவானது. ரெனே ஹால் அமைத்த பெரிய வயலின் இசை பின்னால். சினிமாவுக்குப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் விரட்டப்படுவதைச் சொல்லும் சரணத்தை மட்டும், வானொலிக்கான சிறிய தட்டில் வெட்டிவிட்டார்கள். 1964 டிசம்பர் 11 அன்று குக் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தட்டு அதற்கு அப்புறம்தான் கடைக்கு வந்தது.

1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. ஃபோர் டாப்ஸின் ஓபி பென்சன், பெர்க்லியில் போராடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்ததைப் பார்த்துவிட்டு ஆரம்பித்த பாட்டு. கேயின் தம்பி வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த நேரம் அது. கார்டிக்கு இதுவும் பிடிக்கவில்லை (இரண்டாவது தடவை!). கே இரண்டு விதமாகப் பாடி வைத்திருந்ததை, எஞ்சினியர் தவறுதலாக ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ஒரே ஆள் தன்னோடு தானே பேசிக்கொள்வதுபோல் வந்த அந்த ஒலி மார்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். வாத்தியக்காரர்களின் பெயர்கள் உறையில் வந்தது இந்த ஆல்பத்தில்தான்.

கணக்கு வழக்கு எல்லாம் அழகாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஜிம் ஸ்டூவர்ட் அட்லாண்டிக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். 1968-ல் பார்த்தால், ஸ்டாக்ஸின் அதுவரையான மூலப் பதிவுகள் எல்லாம் அட்லாண்டிக்கின் சொத்து. 1975-ல் ஸ்டாக்ஸ் திவால். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டப்பில்ஃபீல்ட் வாசித்த சில வினாடித் தாளத்தை வெட்டி எடுத்து எத்தனையோ ஹிப்-ஹாப் பாட்டுகள் எழும்பின. பாட்டின் உரிமை பிரவுனுக்கு. தாளம் போட்டவருக்கு ஒன்றுமில்லை.

என் வாதத்துக்குச் சிறந்த சாட்சி அமெரிக்காவில் இல்லை, இங்கிலாந்தில் இருக்கிறது. 1970-களில் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் ஊர்களில், விகன் கசீனோ போன்ற நடனக் கூடங்களில் விடிய விடிய நடனம். மதுவே கிடையாது, வழுக்கி ஆட வசதியாகத் தரையில் டால்கம் பவுடர் தூவிக்கொள்வார்கள். அவர்கள் ஆடியது பெரிய வெற்றிப் பாட்டுகளுக்கு அல்ல. அமெரிக்காவில் யாரும் வாங்காமல் தோற்றுப்போன சோல் தட்டுகளைத் தேடிப் பிடித்து ஆடினார்கள். ஃபிராங்க் வில்சன் 1965-ல் மோட்டவுனுக்காகப் பாடிய ஒரு தட்டு வெளிவராமலே அழிக்கப்பட்டது, தப்பிய பிரதிகள் மிகச் சில. 2009-ல் ஒன்று 25,000 பவுண்டுக்கு மேல் விலை போனது. தோற்ற பாட்டும் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது? வெற்றிப் பாட்டுக்கு வாசித்த அதே கைகள், அதே அறை, அதே கறார்தான் அதற்கும்.

எங்கே தொடங்குவது? ஒரே ஆல்பம் வேண்டுமென்றால் 1965-ல் வந்த 'ஓட்டிஸ் ப்ளூ'. கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிவாகி முடிந்தது. அப்புறம் அரீத்தாவின் முதல் அட்லாண்டிக் ஆல்பம், 'வாட்ஸ் கோயிங் ஆன்', பிரவுனின் அப்போலோ கச்சேரி. அடுத்து அல் கிரீன். அவர் முதலில் பிக்கெட் மாதிரி முழங்கப் பார்த்தவர். தயாரிப்பாளர் வில்லி மிட்செல்தான் மெதுவாகப் பாடு, இன்னும் மெதுவாக என்று அவரைத் தணித்துத் தணித்து 1972-ன் 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' வரை கொண்டுவந்தார். டிரம்ஸ் அதே அல் ஜாக்சன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவான தொகுப்புகளில் அதே பாடகர்கள் பல வருஷம் கழித்து, வேறு வாத்தியக்காரர்களோடு திரும்பப் பாடிய பதிவுகளைச் சேர்த்து விற்கிறார்கள். பெயரும் பாட்டும் ஒன்றாகவே இருக்கும், உயிர் இருக்காது. பதிவான வருஷம் 60-களிலோ 70-களின் தொடக்கத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டவுன் என்றால் மோனோ பதிப்பு கிடைத்தால் எடுங்கள். அந்தப் பாட்டுகள் கார் வானொலியின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பதற்காகவே கலக்கப்பட்டவை, ஸ்டீரியோவில் குரல் ஒரு பக்கமும் டிரம்ஸ் ஒரு பக்கமுமாகப் பிரிந்து போய்விடும்.

இதெல்லாம் பழகின பிறகு ஜேம்ஸ் கார் பாடிய 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்', 1967. டான் பென், சிப்ஸ் மோமன் இருவரும் சீட்டாட்டத்துக்கு நடுவில் எழுதிய பாட்டு. ஊருக்குத் தெரியாமல் சந்திக்கும் இரண்டு பேர், என்றாவது பிடிபடுவோம் என்று தெரிந்தே சந்திக்கிறார்கள். அரீத்தா உட்பட எத்தனையோ பேர் பின்னால் பாடிவிட்டார்கள். ஜேம்ஸ் கார் மட்டும்தான், யாராவது ஒட்டுக்கேட்கிறார்களோ என்ற பயத்தோடு பாடியவர்.